இன்வெர்ட்டர் பேட்டரி: வாங்கும் நாள் முதல் திருப்பிக் கொடுக்கும் நாள் வரை

தமிழ்நாட்டில் 2008-ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில்தான் இன்வெர்ட்டரும், அதன் அருகே டிராலியில் அமர்ந்திருக்கும் கனமான பேட்டரியும் நடுத்தர வீடுகளுக்குள் பரவலாக நுழைந்தன. மின்வெட்டு குறைந்த பிறகும் அவை வீட்டை விட்டுப் போகவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டா மாவட்டங்களின் மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தன. ஆனாலும், வீட்டில் இத்தனை விலை கொடுத்து வாங்கும் பொருள்களில் இவ்வளவு குறைவாகக் கவனிக்கப்படுவது வேறொன்று இருக்காது. முதன்முதலாக இதை வாங்குவோருக்கும், வாங்கிய பிறகு மூடியைத் திறந்தே பார்க்காதவர்களுக்கும் இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தொடங்குமுன் ஒரு செய்தியை மனத்தில் பதிய வைத்துக்கொண்டால், பின்னால் சொல்லப்போகும் பெரும்பாலான விதிகள் தாமாகவே விளங்கிவிடும். சரியாகப் பயன்படுத்தப்படும் பேட்டரியிலிருந்து நீர் மட்டுமே வெளியேறுகிறது, ஆசிட் வெளியேறுவதில்லை. முதல் நாள் ஊற்றிய ஆசிட், பேட்டரி வீட்டை விட்டுப் போகும் நாள் வரை அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

உள்ளே நடப்பது என்ன?

12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் இருக்கின்றன. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும் ஒரு செல். ஒவ்வொரு செல்லிலும் காரீய டை ஆக்சைடு கொண்ட நேர்த்தகடுகளும், பஞ்சு போன்ற காரீயம் நிறைந்த எதிர்த்தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலத்தில் மூழ்கியிருக்கின்றன. (ரசம் வைக்கும் ஈயச்சொம்பில் இருப்பது வெள்ளீயம், இங்கே இருப்பது காரீயம். இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் குழப்பிக்கொள்ளக் கூடாது.) மின்சாரத்தை எடுக்க எடுக்க, கரைசலில் இருக்கும் ஆசிட் இரு வகைத் தகடுகளுக்குள்ளும் புகுந்து காரீய சல்பேட்டாகப் படிகிறது; கரைசல் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏற்றும்போது அதே ஆசிட் தகட்டை விட்டுக் கரைசலுக்குத் திரும்புகிறது. பிரெஞ்சு இயற்பியலாளர் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் செய்து காட்டிய இந்தப் போக்குவரத்துதான் இன்றும் நம் வீட்டு டிராலியில் நடந்துகொண்டிருக்கிறது.

சார்ஜ் நிறைவை நெருங்கும்போது, மிஞ்சும் மின்சாரம் நீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்து, மூடியிலுள்ள துளைகள் வழியே வெளியேற்றுகிறது. நீர் குறைவதற்கு இதுவே முதற்காரணம். கோடை வெயிலில் ஆவியாவது அதனோடு சேர்ந்துகொள்கிறது.

எதை வாங்குவது?

கடையில் மூன்று வகைகளைக் காட்டுவார்கள். தட்டைத் தகடு கொண்டது விலை குறைவு. அடிக்கடி ஆழமாகக் காலியானால் சீக்கிரம் தளர்ந்துவிடும். ட்யூபுலர் என்பதில் நேர்த்தகட்டின் பொருள் குழாய் போன்ற உறைகளுக்குள் அடைக்கப்பட்டிருப்பதால் எளிதில் உதிராது. வீட்டு இன்வெர்ட்டருக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். எஸ்.எம்.எஃப் எனப்படும் மூடிய வகைக்கு நீர் ஊற்ற வேண்டியதில்லை, ஊற்றவும் முடியாது. உலர்ந்துவிட்டால் அத்தோடு முடிந்தது. கார் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டி மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது. எஞ்சினைச் சுழற்றச் சில விநாடிகள் பெருமின்னோட்டம் தருவதற்காக மெல்லிய தகடுகளோடு செய்யப்பட்ட அது, மணிக்கணக்கில் மின்விசிறி ஓட்டுவதற்கு ஏற்றதன்று.

150 ஏ.ஹெச் (ஆம்பியர்-மணி) என்று எழுதியிருப்பதன் பொருளையும் அறிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலான வீட்டு பேட்டரிகளில் அது 20 மணி நேரக் கணக்கு, அதாவது 7.5 ஆம்பியர் வீதம் எடுத்தால் 20 மணி நேரம் வரும். வேகமாக எடுத்தால் மொத்த அளவே குறைந்துவிடும். 75 வாட் மின்விசிறி இரண்டு, 9 வாட் எல்.இ.டி பல்பு நான்கு, ஒரு வைஃபை பெட்டி ஆகியவை ஓடினால் ஏறக்குறைய 200 வாட் ஆகும். இன்வெர்ட்டரில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 20 ஆம்பியர் போகும். தாளில் ஏழரை மணி நேரம் என்று கணக்கு வந்தாலும், ஐந்து மணி நேரத்தை மட்டும் நம்புங்கள். பழைய மின்விசிறிகளுக்குப் பதிலாக 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி விசிறிகளை மாட்டுவது, பெரிய பேட்டரி வாங்குவதைவிடப் பல வீடுகளில் புத்திசாலித்தனமான செலவு.

வாங்கும்போது தயாரிப்பு மாதத்தைக் கேட்டுப் பாருங்கள். கடையில் மாதக்கணக்கில் சார்ஜ் இல்லாமல் கிடந்த பேட்டரி புதியதன்று. வாரண்டி அட்டையில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு, பொருத்திய தேதியை பேட்டரியின் மேல் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

எங்கே வைப்பது, எப்படி மாட்டுவது?

மாடிப்படிக்குக் கீழே, செருப்பு அலமாரியை ஒட்டி, கதவு போட்டு அடைத்த இடத்தில் பேட்டரியை ஒளித்து வைப்பது நம் வீடுகளில் வழக்கம். பார்வைக்கு அழகாக இருக்கலாம். ஆனால் வெளிவரும் ஹைட்ரஜன் அங்கே தேங்கும். காற்றில் அது 4 விழுக்காட்டை எட்டினாலே ஒரு பொறி போதும், வெடித்துவிடும். எனவே காற்று வந்து போகும் இடமாகவும், பூஜை விளக்கு, அடுப்பு, ஊதுவத்தி ஆகியவற்றுக்கு அப்பாலும், மேற்கு வெயில் நேராக விழாத இடமாகவும் தேர்ந்தெடுங்கள். வெப்பம் 10 பாகை கூடினால் பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இத்துறையில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு. மொட்டை மாடிக்குக் கீழே தகிக்கும் அறையில் வைத்தவர்கள் அதைச் சீக்கிரமே உணர்வார்கள்.

ஆசிட்டோடு சேர்த்து 50 கிலோவுக்கு மேல் எடை இருக்கும். இருவர் சேர்ந்து, கைப்பிடிக் கயிற்றைப் பிடித்து, சாய்க்காமல் தூக்க வேண்டும். மாட்டுவதற்கு முன் மோதிரம், வளையல், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்வது மிக எளிய, மிகப் பயனுள்ள முன்னெச்சரிக்கை. அந்த ஸ்பேனர் இரு டெர்மினல்களையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டால் உலோகம் உருகித் தெறிக்கும். மாட்டும்போது நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில். கழற்றும்போது எதிர்முனை முதலில். இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் இன்வெர்ட்டரில் பயன்படுத்துவதாக இருந்தால் இரண்டும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே வயது உடையனவாக இருக்க வேண்டும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும்.

இன்வெர்ட்டரின் பின்புறத்தில் பேட்டரி வகையைத் தேர்ந்தெடுக்கும் சிறு ஸ்விட்ச் இருக்கலாம். அது ட்யூபுலரா, எஸ்.எம்.எஃப் வகையா என்பதற்கு ஏற்ப வைக்கப்பட்டிருக்கிறதா என்று மாட்ட வருபவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அவர் அவசரத்தில் மறந்துவிடக்கூடிய வேலை இதுதான். முதல் இரவு முழுவதும் சார்ஜ் ஏறிய பிறகே லோடு கொடுங்கள்.

நீர் ஊற்றுதல்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ட்யூபுலர் பேட்டரியின் ஒவ்வொரு செல்லின் மேலும் ஒரு மிதவைக் காட்டி நின்றுகொண்டிருக்கும். நீர் போதுமான அளவு இருந்தால் அதன் பச்சைப் பகுதி வெளியே தெரியும். குறைந்தால் மிதவை இறங்கிச் சிவப்புக் குறியை நெருங்கும். மாதம் ஒருமுறை, கோடையில் இன்னும் சற்று அடிக்கடி, ஆறு மிதவைகளையும் பாருங்கள். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டியது டிஸ்டில்டு வாட்டர் அல்லது அயனி நீக்கிய நீர் மட்டுமே. குழாய் நீரில் இருக்கும் இரும்பும் குளோரைடும் தகடுகளைக் கெடுக்கும். ஆர்.ஓ நீரிலும் உப்புகள் எஞ்சியிருக்கும். ஏ.சி-யிலிருந்து சொட்டும் நீரைப் பிடித்து ஊற்றுவது பல வீடுகளில் நடக்கிறது. ஆவி குளிர்ந்து வந்த நீர்தானே என்ற வாதம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நீர் உள்ளே இருக்கும் உலோகக் குழாய்களையும் தூசியையும் பாசியையும் கழுவிக்கொண்டு வருகிறது என்பதை அந்த வாளியின் அடியில் படியும் கசடே காட்டிவிடும். சில நூறு ரூபாயில் முடியும் செலவுக்காகப் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பொருளைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

எப்போது ஊற்றுவது என்பதும் முக்கியம். சார்ஜ் முழுமையாக ஏறிய பிறகுதான் ஊற்ற வேண்டும். இதை நான் பட்டறிந்தேன். ஒருநாள் இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் பேட்டரி காலியாகிவிட்டிருந்தது; காலையில் மிதவைகள் இறங்கியிருப்பதைப் பார்த்து, ஆறு செல்களிலும் கழுத்து வரை நிரப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பகலில் மின்சாரம் வந்து சார்ஜ் ஏற ஏற, கரைசல் பருத்து, வாயுக்குமிழ்கள் அதை மேலே தள்ள, மூடி வழியே ஆசிட் வழிந்திருக்கிறது. மாலையில் வந்து பார்த்தபோது டிராலியின் கால்கள் துருவேறிக் கிடந்தன. மொசைக் தரையில் வெண்மையான, சொரசொரப்பான இரு கோடுகள் விழுந்திருந்தன. அந்தத் தழும்பு இன்றும் இருக்கிறது. தரையைவிடப் பெரிய இழப்பு, வழிந்துபோன ஆசிட்தான். அதற்குப் பிறகு நான் ஊற்றிய நீர் எதுவும் அதை ஈடுசெய்யவில்லை. தகடுகளின் மேல்விளிம்பு வெளியே தெரியும் அளவுக்கு நீர் வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்குச் சிறிது ஊற்றி, சார்ஜ் ஏறிய பின் மீதியை ஊற்றலாம்.

ஊற்றுவதற்கு முன் மேற்பரப்பைத் துடையுங்கள்; மூடியைத் திறந்ததும் தூசி உள்ளே விழக் கூடாது. பிளாஸ்டிக் புனல் மட்டுமே பயன்படுத்துங்கள். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அணிந்துகொள்ளுங்கள். ஆசிட் தெறித்த பருத்திச் சட்டை அடுத்த சலவையில் ஓட்டையாகத் திரும்பி வரும். தோலிலோ கண்ணிலோ பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடங்கள் கழுவிவிட்டு, கண்ணாக இருந்தால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். தரையில் சிந்தினால் ஆப்ப சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பின் துடைத்தெடுங்கள்.

ஆசிட் ஊற்றலாமா?

கூடாது. பேக்கப் குறைந்துவிட்டது என்றதும், "ஆசிட் வீக் ஆகிவிட்டது, மாற்றித் தருகிறேன்" என்று சொல்பவர்கள் உண்டு. கரைசலில் ஆசிட் குறைந்திருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது எங்கும் ஓடிப்போகவில்லை. சல்பேட்டாகத் தகடுகளுக்குள் உட்கார்ந்திருக்கிறது. நன்றாகச் சார்ஜ் ஏற்றினால் அதில் திரும்பக்கூடியது திரும்பிவிடும். அதன்மேல் புதிய ஆசிட்டை ஊற்றினால் மீட்டரில் எண் உயரும், பேட்டரியின் சக்தி உயராது; தகடுகள் விரைவாக அரிக்கப்படும். வழிந்தோ கவிழ்ந்தோ ஆசிட் உண்மையில் வெளியேறியிருந்தால் மட்டும், தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் சரியான அளவுக்கு அதை நிரப்பித்தருவார்கள்.

இதைக் கண்டறிய இரு கருவிகள் போதும். ஆசிட்டின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டரின் ரப்பர் குமிழை அழுத்தி, முனையைச் செல்லுக்குள் விட்டு, மெல்ல விடுவித்தால் ஆசிட் கண்ணாடிக்குழாய்க்குள் ஏறும். உள்ளே இருக்கும் மிதவை சுவரைத் தொடாமல் நிற்கும்போது, கண்ணை அதன் மட்டத்துக்குக் கொண்டுவந்து எண்ணைப் படியுங்கள். படித்ததும் அதே செல்லுக்குள் அந்த ஆசிட்டைத் திருப்பி விடுங்கள். அடுத்த செல்லில் விடுவதும், வாஷ்பேசினில் கொட்டுவதும் தவறு. வீட்டு ட்யூபுலர் பேட்டரிகள் பெரும்பாலும் 27 பாகை வெப்பநிலையில், முழுச் சார்ஜில் 1.240 அளவில் இருக்கும், 1.150 பக்கம் வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. ஒவ்வொரு பாகை கூடுதல் வெப்பத்துக்கும் 0.0007 வீதம் கூட்டிக்கொள்ள வேண்டும். நீர் ஊற்றிய உடனே அளக்காதீர்கள், நீர் மேலேயே நிற்கும். ஐந்து செல்கள் ஒன்றாக இருக்க, ஒன்று மட்டும் 0.050-க்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் நோயாளி.

மல்ட்டிமீட்டரில் பார்ப்பதானால் சார்ஜரையும் லோடையும் நிறுத்தி, சில மணி நேரம் ஓய்வு கொடுத்த பிறகு அளக்க வேண்டும். ஹைட்ரோமீட்டர் எண்ணோடு 0.84-ஐக் கூட்டினால் ஒரு செல்லின் வோல்ட் கிடைக்கும், 1.240 என்றால் செல்லுக்கு 2.08, ஆறுக்கும் சேர்த்து 12.5 வோல்ட். அடர்த்தி கூடிய ஆசிட் கொண்ட கார் பேட்டரிகளுக்கான 12.7 என்ற எண்ணைப் பார்த்துவிட்டு, தம் வீட்டு பேட்டரி பழுதென்று பதறுபவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அரைகுறைச் சார்ஜும் பூத்த டெர்மினலும்

தகட்டில் படிந்த சல்பேட் முதலில் நுண்ணிய படிகமாக இருக்கும்; விரைவில் சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். வாரக்கணக்கில் அப்படியே விட்டால் பெரிய, கடினமான படிகமாக இறுகி, பிறகு எந்தச் சார்ஜருக்கும் அசையாது. ஆகவே பேட்டரியைக் காலியாக்கிவிட்டு, மெயினை அணைத்துப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போவது அதற்குச் செய்யும் ஆகப் பெரிய தீங்கு. முழுதாகச் சார்ஜ் ஏற்றி, நீர் பார்த்து, இணைப்பைக் கழற்றிவிட்டுப் போங்கள். இரண்டு மாதங்களுக்கு மேல் ஆகுமானால் நடுவே ஒருமுறை சார்ஜ் ஏற்ற யாரிடமாவது சொல்லி வையுங்கள். இன்வெர்ட்டர் அபாய ஒலி எழுப்பும் வரை ஓட்டுவதை வழக்கமாக்காமல், பாதி போனதும் ஒரு விசிறியை நிறுத்திவிடுவது ஆயுளைக் கூட்டும்.

டெர்மினலில் வெள்ளையாகவும் நீலப்பச்சையாகவும் பூத்திருப்பது, ஆசிட் ஆவி உலோகத்தோடு சேர்ந்து உண்டாக்கிய உப்பு. இணைப்பைக் கழற்றி, ஆப்ப சோடா கரைத்த வெதுவெதுப்பான நீரில் பழைய பல்துலக்கியை நனைத்துத் தேய்த்து, துடைத்து உலர்த்தி, இறுக்கமாக மாட்டிய பின் வாஸ்லின் தடவுங்கள். சோடா நீர் ஒரு சொட்டும் செல்லுக்குள் போகக் கூடாது.

விடைகொடுக்கும் நேரம்

அரைமணி நேரத்தில் பேக்கப் தீர்ந்துவிடுதல், ஒரே ஒரு செல் மட்டும் கொதித்து நீரைக் குடித்தல், பெட்டியின் பக்கவாட்டு உப்புதல் ஆகியவை முடிவின் அடையாளங்கள். உப்பிய பேட்டரியை மேலும் ஓட்டிப் பார்க்க வேண்டாம்.

பழைய பேட்டரியின் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு காரீயம். அதனால்தான் அதற்கு எப்போதும் விலை உண்டு. அதனால்தான் தெருவில் வரும் பழைய சாமான்காரரும் காயலாங்கடையும், புதிய பேட்டரிக் கடையின் எக்ஸ்சேஞ்ச் விலையைவிடச் சில சமயம் கூடுதலாகத் தருகிறார்கள். அந்தக் கூடுதல் தொகை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். முறையான ஆலை ஆசிட்டைச் சமன்செய்யவும் புகையை வடிகட்டவும் செலவு செய்கிறது. கொல்லைப்புற உலைக்காரர் அந்தச் செலவைச் செய்வதில்லை. ஆசிட் சாக்கடையில் கொட்டப்படுகிறது, கரைந்த காரீயமும் அதனோடு போகிறது. காரீயம் 327 பாகையிலேயே உருகிவிடுவதால் ஒரு சட்டியும் கரியும் இருந்தால் யாரும் உருக்கிவிடலாம் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

செனகல் நாட்டின் தலைநகர் டாக்கரை ஒட்டிய தியாரோய் சுர் மேர் என்ற பகுதியில் பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் எடுத்த இடத்தில், 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். விழுங்கப்படும் காரீயத்தைச் சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சிக்கொள்கிறது. பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வலைக்குக் குண்டு வார்க்கவோ வேறெதற்கோ வீட்டில் பேட்டரியை உடைப்பவர், அந்தத் தூசியைத் தம் சட்டையிலேயே பிள்ளைகளிடம் கொண்டுவருகிறார்.

இந்தியாவில் 2001-ஆம் ஆண்டு முதல் இருந்த பேட்டரி விதிகளுக்குப் பதிலாக 2022 ஆகஸ்டில் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு அவற்றின்படி உற்பத்தியாளருடையது. அதை மற்றக் குப்பையோடு கலக்காமல் உரிய இடத்தில் சேர்ப்பது பயன்படுத்துபவரின் கடமை. நடைமுறையில் எளிய வழி, புதியதை வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதுதான்.

கொடுக்கும்போது ஆசிட்டோடு, முழுதாகக் கொடுங்கள். "ஆசிட்டைக் கொட்டிவிட்டுக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லும் கடையில் கொடுக்காதீர்கள். மூடிகளை இறுக்கி, டெர்மினல்கள் மீது டேப் ஒட்டி, நிமிர்த்திய நிலையில், பிளாஸ்டிக் தட்டின் மேல் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும்; ஸ்கூட்டரின் கால்வைக்கும் இடத்தில் படுக்கவைத்துக் கொண்டுபோவதைப் பார்த்தால் எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ஆலையில் அது இயந்திரத்தில் நொறுக்கப்பட்டு நீரில் விடப்படும்போது பாலிபுரோப்பிலீன் பெட்டித்துண்டுகள் மிதக்கும். காரீயமும், தகடுகளில் அப்பியிருந்த பசையும் அடியில் தங்கும். பெட்டித்துண்டுகள் மீண்டும் பிளாஸ்டிக்காகின்றன. பசையும் தகடுகளும் மூடிய உலையில் உருக்கிச் சுத்திகரிக்கப்பட்டுப் புதிய தகடுகளாகின்றன. ஆசிட் அங்கேதான், கணக்கோடு, சமன்செய்யப்படுகிறது.

பில்லில் பழைய பேட்டரி பெறப்பட்டதையும் அதன் எடையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், புதியதை ஏற்றுமுன் டிராலியை ஆப்ப சோடா நீரால் துடைத்து உலரவிட்டு, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்ளுங்கள்.